மாசிப் பந்தும் மாரிப் பந்தும்



புத்தளம் களப்போரத்தில் உப்புச் செய்கிறவர்கள் ஆண்டை இரண்டு விளைச்சலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாரி ஓய்ந்த பின் பெப்ரவரி, மார்ச்சில் ஒன்று. சோளகம் வீசும் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை மற்றொன்று. நடுவில் மழை தவறிப் பெய்தால் பாத்தியில் பூத்த உப்பு கரைந்துபோகும். 2024இன் பிற்பகுதியில் பெய்த மழை அப்படித்தான் உப்பளங்களைக் கெடுத்தது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இலங்கை, 2025இன் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. மழையைப் பொறுத்தவரை, உப்புக்கு உகந்த மாதங்கள் எவையோ அவையே இந்தக் கரையில் உதைபந்தாட்டத்துக்கும் உகந்தவை. பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றால் உப்பு இல்லை, மைதானத்தில் நின்றால் ஆட்டம் இல்லை.

ஆனால் உப்புக்காரர் தம் மாதத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார். பாடசாலை அணிக்கு அந்த வசதி இல்லை. வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் என்று போட்டிகள் படிப்படியாக மேலேறுகின்றன. ஒவ்வொரு படியின் திகதியும் வேறெங்கோ முடிவாகிறது. ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கும் வேலை ஏதோ ஒரு காரணத்தால் பின்தள்ளப்பட்டால், அது போய் விழுவது ஒக்டோபர், நவம்பர் மழையில். அப்படியானால் கல்லூரிகளுக்கு இடையிலான உதைபந்தாட்டப் பருவத்தை ஆண்டின் முற்பகுதிக்கு, மாசி பங்குனிக்கு, மாற்றிவிட்டால் என்ன? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

இதே கேள்வியை அண்மையில் மிகப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே கல்லூரிகளில் நடப்பது வேறு ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி, விழுத்தி ஆடுவது. அதன் பருவம் செப்டெம்பரில் தொடங்கிக் குளிர் ஏறும்போது முடியும். 2020இல் கொரோனா பரவியபோது, முதல்நிலைப் பிரிவின் இரண்டாம் அடுக்கில் உள்ள கல்லூரிகளின் பருவம் அடுத்த ஆண்டின் வசந்தத்துக்குத் தள்ளப்பட்டது. 2021 பெப்ரவரியில் ஆட்டங்கள் தொடங்கின. வழக்கமாக 24 அணிகள் ஆடும் இறுதிச் சுற்றில் 16 அணிகளே சேர்க்கப்பட்டன. சில அணிகள் பாதியிலேயே விலகிக்கொண்டன. மே 16ஆம் திகதி டெக்சஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் சாம் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 23க்கு 21 என்ற கணக்கில் சவுத் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை வென்றது.

பருவம் நடந்தது, கிண்ணமும் கொடுக்கப்பட்டது. அதற்கு மாணவர்கள் கொடுத்த விலையைத்தான் பார்க்க வேண்டும். சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை வழிநடத்திய மார்க் குரொனோவ்ஸ்கி அந்த இறுதியாட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார். அடுத்த பருவம் மூன்றரை மாதத்தில் வழக்கம்போல் தொடங்கிவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவரால் களமிறங்க முடியவில்லை. நோர்த் டகோட்டா ஸ்டேட் அணியின் டிரே லான்ஸ் 2020 ஒக்டோபரில் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு, வசந்தப் பருவத்துக்குக் காத்திராமல் தொழில்முறை அணிகளின் தெரிவுக்குப் போய்விட்டார். அந்தத் தெரிவு ஏப்ரலில் நடப்பது. வசந்தப் பருவம் அதன்மேலேயே விழுந்ததால் கல்லூரி தன் தலைசிறந்த ஆட்டக்காரரை இழந்தது. 2021இல் மாணவர்கள் ஒரே ஆண்டுக்குள் இரண்டு பருவங்கள் ஆடினார்கள். அதன் பின் எல்லோரும் பழைய மாதத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

அமெரிக்காவின் அனுபவத்தை அப்படியே புத்தளத்தில் ஒட்டிவிட முடியாது. அங்கே தள்ளிவைத்தது நோய்க்குப் பயந்து, ஒரே ஒரு தடவை. இருந்தாலும் அது விட்டுப்போன பாடம் இங்கேயும் செல்லும்: பருவத்தை மாற்றும்போது, அந்தப் புதிய மாதத்தில் ஆட்டக்காரனுக்கு வேறென்ன காத்திருக்கிறது என்று பார்க்காவிட்டால் மாற்றம் அவன் முழங்காலிலும் எதிர்காலத்திலும் போய் முடியும்.

இனி இந்தக் கரையின் வானத்தைப் பார்ப்போம். வடக்கே கலா ஓயா, புத்தளம் நகரருகே மீ ஓயா, சிலாபத்தில் தெதுரு ஓயா, தெற்கெல்லையில் மா ஓயா. நான்கு ஆறுகளும் இந்த மாவட்டத்தின் கரைக்கே வந்து சேர்கின்றன. புத்தளம் நகரில் ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர். அதில் பாதியளவு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. நவம்பரில் மட்டும் சராசரி 200 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜூலையிலும் ஓகஸ்டிலும் மாதத்துக்கு 30 மில்லிமீற்றர்கூடத் தேறாது. இடையில் ஏப்ரலில் இடியோடு வரும் பிற்பகல் மழை ஒன்று உண்டு. தெற்கே மாரவில, வென்னப்புவ பக்கம் போகப் போக மழை கூடும். அங்கே மே மாதமும் ஈரமானது.

மாரியில் ஆடுவது எப்படிப்பட்டது என்பதற்கு 2025 நவம்பரைவிட வேறு சாட்சி வேண்டாம். 28ஆம் திகதி கரையேறிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புத்தளம் மாவட்டத்தின் ஆறுகள் கரையுடைத்தன. சிலாபம் வைத்தியசாலைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இத்தகைய மாதத்தில் ஒரு மாகாண இறுதியாட்டத்தை எழுதி வைப்பதே தவறு. புயல் எல்லா ஆண்டும் வருவதில்லைதான். ஆனால் புயல் வராத நவம்பரிலும் கோல் கம்பத்துக்கு முன்னால் குட்டை நிற்கும், சூரியன் மாலை ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும், வெளியூர் அணியின் பஸ் வருமா வராதா என்று அதிபர் தொலைபேசியோடு நிற்பார். மாரிப் பந்தை விடவேண்டும் என்பதில் இந்தக் கரையில் இரண்டு கருத்து இருக்க முடியாது. விட்டுவிட்டு எங்கே போவது என்பதில்தான் சிக்கல்.

மழையிலேயே உதைபந்தாட்டம் வளர்ந்த ஊர்களும் உண்டு. கொல்கத்தாவின் கழக லீக் மழைமாதங்களில் ஆடப்படுவது. 1911 ஜூலை 29ஆம் திகதி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியை 2க்கு 1 என்று வென்ற வரலாற்று ஆட்டமும் அந்த மாதங்களில் நடந்ததுதான். அங்கே சேறு ஆட்டத்தின் ஒரு பகுதி. கேரளத்து மலப்புறத்தில் இதற்கு நேர்மாறு: எழுவர் ஆடும் போட்டிகள் நவம்பரில் தொடங்கி மே வரை நடக்கும்; அறுவடை முடிந்து காய்ந்த வயல்களும் திடல்களும் இரவு விளக்கில் நிரம்பும். ஒரே ஆட்டத்துக்கு இரு ஊர்களும் தத்தம் மண்ணையும் மழையையும் பார்த்து இருவேறு மாதங்களைத் தேர்ந்துகொண்டன. புத்தளத்துக்கும் அந்த உரிமை வேண்டும்.

சோளக மாதங்களை எடுத்துக்கொள்வோம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, வெயிலின் கடுமையைக் காற்று தணிக்கும், மைதானம் காய்ந்து கிடக்கும். இதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். கற்பிட்டிக்கு உலகெங்கும் இருந்து பட்டச்சறுக்கு வீரர்கள் மே முதல் ஒக்டோபர் வரை வருவது அந்தக் காற்றை நம்பித்தான். மாம்புரி, சேகுவந்தீவு, விடத்தமுனையில் 2010இல் நாட்டின் முதல் வணிகக் காற்றாலைகளை நட்டவர்களும் அதே காற்றை அளந்து பார்த்தே நட்டார்கள். மின்சாரம் எடுக்கும் அளவுக்கு அடிக்கும் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று கோல்காப்பாளருக்கே தெரியாது. ஒரு பாதி முழுவதும் காற்றோடு, மறுபாதி முழுவதும் காற்றுக்கு எதிராக. நாணயச் சுழற்சியில் வென்றவர் பாதி ஆட்டத்தை வென்ற மாதிரி. கற்பிட்டிக் குடாநாட்டில் மணலும் சேர்ந்து கண்ணுக்குள் வரும். நல்ல பந்துப் பரிமாற்றம் பழக வேண்டிய வயதில் பிள்ளைகள் தரையோடு உருட்டித் தப்பிக்கப் பழகுகிறார்கள்.

மண்ணையும் கவனிக்க வேண்டும். ஓகஸ்ட் வரும்போது புல் கருகி, தரை சீமெந்து போல் இறுகிவிடும். விழுந்தால் தோல் போகும். ஓடி ஓடி முழங்காலும் கணுக்காலும் நோகும். தண்ணீர் ஊற்றிப் புல்லைக் காப்பாற்றலாமே என்றால், கற்பிட்டி மணலுக்கு அடியில் இருக்கும் நன்னீர் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அதை நம்பியே அங்கே வெங்காயமும் மரக்கறியும் விளைகின்றன, குடிநீரும் அதுதான். மிகையாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் ஏறும். வறண்ட மாதத்தில் ஒரு மைதானத்தைப் பச்சையாக வைத்திருப்பதற்கு இந்த ஊரில் யாரோ ஒருவருடைய கிணறு விலை கொடுக்கும்.

மாசியிலோ, மழை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். நிலத்தில் ஈரம் மீந்திருக்கும், புல் உயிரோடிருக்கும். சோளகம் இன்னும் வரவில்லை, வாடையும் தணிந்திருக்கும். சூரியன் மறைய ஆறேகால் தாண்டும். அஸர் தொழுகை முடிந்து மஃரிபுக்கு முன் ஓர் ஆட்டத்தை நிதானமாக ஆடி முடிக்கப் போதுமான பொழுது. ஆண்டின் எந்த மாதத்தையும்விட மாசிக்கே மைதானம் தயார்.

இதைவிடப் பலமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் குறைவு. புத்தளம் அணி மேலே போனால் யாரோடு ஆட வேண்டும்? கொழும்பு சாஹிராவோடு, ஹமீத் அல் ஹுசைனியோடு, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியோடு, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியோடு. இந்த ஊர்களின் மழை ஒன்றுபோல இல்லை. ஜூனில் புத்தளமும் யாழ்ப்பாணமும் காய்ந்து கிடக்கும்போது கொழும்பிலும் காலியிலும் தென்மேல் பருவமழை பெய்துகொண்டிருக்கும். டிசம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் நனையும். இலங்கை முழுவதற்கும் பொதுவாக வானம் வெளித்திருக்கும் காலம் ஒன்றே ஒன்று: பெப்ரவரியும் மார்ச்சும், வடகீழ் மழை முடிந்து தென்மேல் மழை தொடங்காத அந்த இடைவெளி. அகில இலங்கைப் போட்டி ஒன்றை மழைக்குப் பயப்படாமல் வைக்கக்கூடிய மாதங்கள் இவைதான். மாசிக்கு மாற்றுவோம் என்பது புத்தளத்தாரின் சொந்த வசதிக்கான கோரிக்கை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் நாளைக்கே மாற்றிவிடலாமா? முடியாது. இங்கேதான் நோன்பு வருகிறது.

புத்தளம் நகரத்திலும் கற்பிட்டியிலும் பாடசாலை உதைபந்தாட்டத்தின் உயிர்நாடி முஸ்லிம் பாடசாலைகள். புத்தளம் சாஹிரா தேசிய பாடசாலை, கற்பிட்டி அல் அக்ஸா தேசிய பாடசாலை ஆகிய பெயர்கள் இந்தப் பக்கத்தில் பந்தோடு சேர்ந்தே ஒலிப்பவை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்கே வந்துசேர்ந்தார்கள். கையில் எடுத்துவர அனுமதிக்கப்பட்டது கொஞ்சமே. ஆனாலும் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன மன்னாரிலிருந்து வந்தவர்கள் அந்த ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியார் குடியேறிய நாகவில்லு அதற்கு ஓர் உதாரணம். இந்தப் பாடசாலைகளுக்கு ரமழான் மாதம் விடுமுறை. நோன்பு பிடித்த பிள்ளையைப் பகல் வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடச் சொல்லவும் முடியாது, சொல்லவும் கூடாது.

ரமழான் சந்திர மாதம். ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2026இல் அது பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை. 2027இல் பெப்ரவரி இரண்டாம் வாரம் தொடக்கம். ஆக இந்த இரண்டு ஆண்டுகளிலும் மாசிப் பருவம் என்பது நோன்பின் நடுநெற்றியில் விழுகிறது. அப்போது மாற்றினால், இந்தக் கரையின் மிகச் சிறந்த அணிகள் சில போட்டிக்கே வராமல் போகும். மழைக்காக மாற்றிய பருவம் ஒரு சமூகத்தின் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடும். அதை ஏற்கவே முடியாது.

ஆனால் அதே சந்திரன் வழியும் விடுகிறது. 2028இல் நோன்பு ஜனவரி இறுதியில் தொடங்கிப் பெப்ரவரி கடைசிக்குள் முடிந்துவிடும். மார்ச் முழுவதும் வெறுமை. 2029இல் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்தே மைதானம் திறந்திருக்கும். 2030இல் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நோன்பு தொடங்கும், அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் இன்னொன்று தொடங்கும். பெப்ரவரியும் மார்ச்சும் ஏறக்குறைய முழுமையாக விடுபடும். அதன் பின் 2050களின் நடுப்பகுதி வரை நோன்பு மாசி பங்குனிக்குத் திரும்பி வராது. மாறாக, 2040களில் அது ஆண்டின் நடு மாதங்களில், ஜூன், ஜூலை, ஓகஸ்டில் நிற்கும். இன்று நடுவாண்டுப் பருவமே போதும் என்று இருந்துவிட்டால், இன்று பிறக்கும் பிள்ளை ஆட வரும்போது அதே மோதல் அங்கே காத்திருக்கும். பருவத்தைத் தீர்மானிக்கிறவர்கள் அடுத்த ஆண்டின் நாட்காட்டியை மட்டும் பார்க்காமல் 33 ஆண்டுச் சுழற்சியைப் பார்க்க வேண்டும். கணக்கு கடினமானதல்ல, எந்தப் பள்ளிவாசல் கந்தூரியிலும் இதைச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் இருப்பார்.

அடுத்தது பரீட்சை. கொரோனாவுக்கு முன் க.பொ.த. உயர்தரப் பரீட்சை ஓகஸ்டில் நடந்தது. பின்னர் பல ஆண்டுகள் இடம்மாறி அலைந்து, 2024இலும் 2025இலும் நவம்பருக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளிலும் மழை அதை நிறுத்தியது. 2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை இரண்டே நாளில் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல் மறுபடி தொடங்கியது. 2025இல் டித்வா வந்ததால் மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. கூரைக்குக் கீழே உட்கார்ந்து எழுதும் பரீட்சையே நவம்பரில் நடக்க முடியவில்லை என்றால் திறந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது!

உயர்தரம் நவம்பரில் நடக்கும் ஆண்டுகளில், மூத்த பிரிவு ஆட்டக்காரருக்கு மாசிதான் நல்ல காலம். பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதத்துக்கு மேல் இருக்கும். வீட்டாரும் விடுவார்கள், ரியூசன் ஆசிரியரும் விடுவார். ஜூலை, ஓகஸ்டில் அதே பிள்ளையைக் கேட்டால் தாய் வாசலில் நின்று மறிப்பார். அவர் மறிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இளைய பிரிவுக்கு நிலைமை தலைகீழ். 2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. 2025ஆம் ஆண்டுக்கானது 2026 பெப்ரவரியில். பரீட்சை அந்த மாதங்களில் வரும்போது 16 வயதுப் பிள்ளைக்கு மாசி பங்குனி புத்தகத்தோடு இருக்க வேண்டிய காலம். எல்லா வயதுக்கும் ஒரே பருவம் என்று பிடிவாதம் பிடிப்பதுதான் இந்த விவாதத்தை முட்டுச்சந்தில் நிறுத்துகிறது.

வெப்பத்தையும் மறைக்கக்கூடாது. மார்ச்சில் இந்தக் கரை நன்றாகவே கொதிக்கும். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். 2024 பெப்ரவரியில் கல்வி அமைச்சு, கடும் வெயில் காரணமாக மாணவரின் வெளிக்கள நடவடிக்கைகளைக் குறைக்கும்படி அறிவுறுத்தியது. மறுமாதமே கிழக்கில் ஒரு பாடசாலை மரதன் ஓட்டத்தில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இலங்கையில் பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விடும். விட்ட கையோடு இரண்டரைக்கு ஆட்டம் என்று வைப்பது பலருக்கும் சௌகரியம், பஸ்ஸுக்கும் சௌகரியம், பிள்ளைக்குத்தான் ஆபத்து. மாசிப் பருவம் வேண்டுமென்றால் நாலரைக்கு முன் எந்த ஆட்டமும் தொடங்கக்கூடாது. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் இடைவேளை கட்டாயம் வேண்டும். 2014இல் பிரேசில் உலகக் கிண்ணத்திலேயே நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டார்கள். பருவம் ஏப்ரலுக்குள் ஒரு நாள்கூட நீளக்கூடாது. கட்டார் வெயிலுக்காக 2022 உலகக் கிண்ணத்தையே நவம்பருக்கு நகர்த்தினார்கள். ஒரு மாகாணப் போட்டியின் ஆட்ட நேரத்தை இரண்டு மணி நேரம் பின்தள்ளுவது அதைவிடப் பெரிய காரியம் அல்ல.

கிரிக்கெட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் றோயல், தோமியன் சமர் உட்படக் கல்லூரிகளின் பெருஞ்சமர்கள் மார்ச்சில்தான். கொழும்பில் மாசிப் பந்தை முதலில் எதிர்க்கப்போவது அந்தப் பாரம்பரியம். புத்தளம், கற்பிட்டியில் அந்த அழுத்தம் குறைவு. சிலாபம், வென்னப்புவ பக்கம் சற்றுக் கூடும். உண்மையான நெருக்கடி இல்ல விளையாட்டுப் போட்டிகளால் வரும், அவையும் முதலாம் தவணையில்தானே. ஒரே மைதானத்தில் ஓட்டப்பாதையும் கிரிக்கெட் தளமும் உதைபந்துக் கோலும் இடம் கேட்டால், முதலில் ஓரம் கட்டப்படுவது பெண் பிள்ளைகளின் பயிற்சி. எந்த அட்டவணை போட்டாலும் அவர்களுக்குரிய மாலைகளை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுத வேண்டும்.

கடற்றொழில் குடும்பங்களையும் நினைக்க வேண்டும். சோளகத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சிலாபம், உடப்புப் பகுதித் தொழிலாளர் பலர் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குப் போய் வாடி அடித்துத் தொழில் செய்வது பல தலைமுறை வழக்கம். ஜூலை ஆட்டத்துக்குத் தகப்பன் இருக்கமாட்டார்; பள்ளியை விட்டு அவரோடு போய்விடும் மூத்த மகனும் இருக்கமாட்டான். ஓகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழா, முன்னேஸ்வரத் திருவிழா, உடப்புத் தீமிதிப்பு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. பஸ்ஸும் பொலிசும் அங்கே போய்விடும். மாசியில் கடல் அமைதி, ஆட்கள் ஊரில், கத்தோலிக்கத் தொழிலாளர் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. தவக்காலத்தில் பெரிய வாரத்தை மட்டும் விட்டுவிட்டால், ஞாயிறு மாலை மைதானத்தைச் சுற்றிச் சனம் நிற்கும். பாடசாலை ஆட்டத்துக்குப் பார்வையாளர் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. பள்ளியை விடலாமா என்று யோசிக்கிற பதினேழு வயதுப் பையனை இன்னும் ஓர் ஆண்டு பிடித்து வைப்பது அந்தச் சனத்தின் கைதட்டல்.

உலகின் பெரிய லீக்குகளும் இப்போது மாதம் மாறுகின்றன. ஜப்பானின் ஜே லீக், 2026 ஓகஸ்ட் முதல் பருவத்தைத் தொடங்குவது என்று 2023 டிசம்பரில் முடிவெடுத்தது. பனி கொட்டும் வட்டாரக் கழகங்களுக்கு அது பெரும் கவலை. அதனால் டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி நடு வரை ஆட்டமே இல்லாத இடைவெளி ஒன்றை நடுவில் வைத்தார்கள். பழைய பருவத்துக்கும் புதிய பருவத்துக்கும் இடையே குறுகிய போட்டி ஒன்றையும் வைத்தார்கள். அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கும் 2027இல் மாறுவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கும் முதலில் ஒரு குறுகிய இடைப்பருவம். மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்பும், இடம்விட்டு இடம் மாறும் வானிலைக்குச் சலுகையும் கொடுத்தார்கள். 2020இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கிடைக்காதவை இந்த இரண்டும்தான்.

எனவே இந்த மேடையிலிருந்து முன்வைக்கும் யோசனை இது. மூத்த பிரிவின் வலய, மாகாணப் போட்டிகளை 2028 மார்ச்சில், நோன்புப் பெருநாள் முடிந்து குறைந்தது ஒரு வாரம் பயிற்சிக்கு விட்டு, பரீட்சார்த்தமாக ஆடிப் பார்க்க வேண்டும். 2029இலும் 2030இலும் அதைப் பெப்ரவரி நோக்கி நகர்த்த வேண்டும். இளைய பிரிவுகள் ஜூன், ஜூலையிலேயே இருக்கட்டும். காற்று காலையில் சற்றுத் தணிந்திருப்பதால் சனி, ஞாயிறு காலைகளில் ஆடட்டும். எந்தப் பிரிவின் எந்த ஆட்டமும் செப்டெம்பர் 30ஐத் தாண்டக்கூடாது. பருவம் ஒரே ஆண்டுக்குள் தொடங்கி முடிவதால் வயதுக் கணக்கில் குழப்பம் வராது. 2027 வரை இப்போதைய நடுவாண்டு முறையே தொடரட்டும். அதன் தாமதத்தை மட்டும் ஒழிக்க வேண்டும்.

மாகாணத்தில் வென்ற அணி அகில இலங்கைப் போட்டி வரும் வரை சில மாதம் காத்திருக்க நேரலாம் என்பது இதில் உள்ள உண்மையான குறை. நாடு முழுவதும் மாறும்வரை அந்தக் குறை தீராது. அதுவரை வென்ற அணிக்கு மே முதல் சினேகபூர்வ ஆட்டங்களை ஒழுங்குசெய்து கொடுப்பது மாகாணத்தின் பொறுப்பாக வேண்டும். வடமேல் மாகாணத்தில் குருநாகல் மாவட்டமும் இருக்கிறது. அங்குள்ள பாடசாலைகளின் சம்மதம் இல்லாமல் புத்தளம் தனித்து எதையும் செய்ய முடியாது. புத்தளம், சிலாபம் ஆகிய இரு கல்வி வலயங்களும் முதலில் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதிபர்கள், பயிற்றுவிப்பாளர்கள், நடுவர்கள், பெற்றோர், பள்ளிவாசல், கோயில், தேவாலயப் பிரதிநிதிகள் எல்லோரையும் அழைத்து, 2027 நடுப்பகுதிக்குள் திகதிகளை எழுத்தில் வெளியிட வேண்டும்.

பரீட்சார்த்தம் என்றால் கணக்கு வைக்க வேண்டும். மழையாலோ வெள்ளத்தாலோ கைவிடப்பட்ட ஆட்டங்கள் எத்தனை, வைத்தியசாலைக்குப் போன காயங்கள் எத்தனை, வெயிலில் மயங்கியவர் எத்தனை பேர், பரீட்சையைக் காரணம் சொல்லி விலகியவர் எத்தனை பேர், ஆட வராத பாடசாலைகள் எவை என்பவற்றை இப்போதைய முறையில் ஓர் ஆண்டும் புதிய முறையில் மூன்று ஆண்டும் ஒரே படிவத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார். படிவத்தை அவரிடம் கொடுத்தால் போதும். அந்தக் கணக்கை 2030இன் இறுதியில் இரு வலயங்களும் பொதுமக்கள் முன் வைத்துப் பேசட்டும்.